மாத்திரைக்கு முன்னால் சளியைக் கொடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு என் சிறுநீரகத்தைத்தான் அவருக்குப் பொருத்தினார்கள். கிரியேட்டினின் 1.2 என்று நன்றாகவே இருந்தார். கும்பகோணம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. ஐப்பசியில் அவருக்கு இருமலும் லேசான காய்ச்சலும் வந்தது. மருந்துக் கடையில் அசித்ரோமைசின் வாங்கி மூன்று நாள் சாப்பிட்டார். குறைந்த மாதிரி இருந்தது, மறுபடி வந்தது. அதே கடையில் செஃபிக்ஸிம் கொடுத்தார்கள். பிறகு பக்கத்து கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசினும் ஒரு வலி ஊசியும். இரண்டு வாரத்தில் மூச்சுத் திணறி ஐசியூவில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. அங்கே முதலில் மெரோபெனம், அப்புறம் கொலிஸ்டின், கடைசியில் இரண்டு புது மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று இருந்தது. பட்டியலில் எல்லா மருந்துக்கும் நேராக ‘ஆர்’, கொலிஸ்டினுக்கு மட்டும் ‘ஐ’. ஐசியூவில் மைக்கோஃபினோலேட் மாத்திரையை நிறுத்தினார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. வீட்டுக்கு வந்து 24 நாள் ஆகிறது. கிரியேட்டினின் 2.6 வரை ஏறி இப்போது 1.8. ஏன் ஒரு மருந்தும் கேட்கவில்லை? நான் கொடுத்த சிறுநீரகம் வீணாகிவிடுமா? இந்தக் கிருமி பிள்ளைகளுக்குத் தொற்றுமா? இனி இருமல் வந்தால் என்ன செய்ய வேண்டும்? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார் மாமனார். அது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஐந்து கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். மைக்கோஃபினோலேட்டை ஐசியூவில் நிறுத்தினார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்ற வரி. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகத் தெரிகிறது.

பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை அது. ஐசியூவில் அதை நிறுத்தியது சரியான முடிவு. உயிருக்கு ஆபத்தான நுரையீரல் தொற்றின்போது மைக்கோஃபினோலேட்டை நிறுத்துவதும், அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸின் அளவைக் குறைப்பதும், ஸ்டீராய்டை மட்டும் விடாமல் கொடுப்பதும் நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். உடம்பின் காவல் படைக்குக் கட்டியிருந்த கயிற்றைக் கொஞ்ச நாளைக்குத் தளர்த்திவிடுகிறோம். ஆனால் தொற்று அடங்கியதும் அதை மறுபடி கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அதே படை உங்கள் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்கத் தொடங்கும். எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை மாற்று அறுவை செய்த குழுதான் சொல்ல வேண்டும். இன்னும் சில நாள் பொறுக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்திருக்கவும் கூடும். அல்லது ஐசியூவிலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து வீட்டுக்கு என்று மாறும்போது அந்த வரி டிஸ்சார்ஜ் சீட்டில் விடுபட்டும் போயிருக்கலாம். இரண்டாவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே போன் செய்யுங்கள். “மைக்கோஃபினோலேட் நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கிறது, எப்போது ஆரம்பிக்க வேண்டும்?” என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

சரி, இப்போது முதல் கேள்வி.

ஒரு மருந்தும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடையிலும் கிளினிக்கிலும் கொடுத்த மூன்றை முதலில் பார்ப்போம். அந்த மூன்றையும் கொடுக்கும்போது எந்தக் கிருமிக்காகக் கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. நிமோனியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. நுரையீரலில் சளியும் சீழும் கோத்துக்கொண்ட நிலையின் பெயர் அது. அந்த நிலையை உண்டாக்கும் கிருமிகள் பல. சாதாரண ஆளுக்கு இருமல், காய்ச்சல் என்றால் நியூமோகாக்கஸ் போன்ற நாலைந்து கிருமிகளை மனதில் வைத்து ஒரு மருத்துவர் மருந்து எழுதலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினிட்டோபாக்டர், நோக்கார்டியா, காசநோய்க் கிருமி, நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை, சைட்டோமெகலோ வைரஸ் என்று பட்டியல் நீளும். எல்லாமே இருமலாகவும் மூச்சிறைப்பாகவும்தான் வெளியே தெரியும். மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

அசித்ரோமைசின் கிளெப்சியெல்லாவுக்கான மருந்தே இல்லை. செஃபிக்ஸிமையும் லெவோஃப்ளாக்சசினையும் நம் ஊர் கிளெப்சியெல்லாக்களில் பெரும்பங்கு எப்போதோ கடந்துவிட்டன. முதலில் வந்தது கிளெப்சியெல்லாதானா, அல்லது சாதாரண வைரஸ் சளியாகத் தொடங்கி, இத்தனை மருந்துக்குப் பிறகு கிளெப்சியெல்லா உள்ளே நுழைந்ததா என்று இப்போது திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை. அந்த முதல் வாரத்தில் ஒரு டப்பாவில் சளி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். என் மனதை உறுத்துவது அதுதான்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது. நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கிளெப்சியெல்லாவும் அங்கே உண்டு, பெரும்பாலும் சாதுவாக. ஒரு ஆன்டிபயாடிக்கை விழுங்கினால் அது நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை, குடலுக்கும் போகிறது. அங்கே மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் சாகின்றன, அடங்காதவை மிஞ்சுகின்றன. களையை விட்டுவிட்டுப் பயிரை மட்டும் பிடுங்கிய வயல் எப்படி ஆகும் என்று உங்கள் கணவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலியான இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். மூன்று மருந்து என்றால் மூன்று முறை அப்படிப் பிடுங்கியிருக்கிறோம்.

அந்தக் களைக்கு இன்னொரு திறமையும் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத எதிர்ப்புத் தன்மையைக் கிருமிக்குத் தரும் மரபணுக்கள் பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கும். பக்கத்திலிருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்குக்கூட அந்த வளையத்தைக் கைமாற்றிவிட முடியும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிடமிருந்து கிளெப்சியெல்லா வாங்கிக்கொள்ளும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’, அதாவது ‘ரெசிஸ்டன்ட்’, இந்த மருந்துக்கு அடங்காது என்று வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மெரோபெனம் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு, அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. 2008-ல் ஸ்வீடனில், புது டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த ஒரு நோயாளியின் சிறுநீரில் மெரோபெனம் குடும்பத்துக்கே அடங்காத கிளெப்சியெல்லா கிடைத்தது. அந்த மருந்தை வெட்டிப் போடும் நொதிக்கு என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு, சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் இந்த நொதியுள்ள கிருமிகள் இருப்பதைக் காட்டியது. நொதியின் பெயரில் டெல்லி இருந்ததால் நாடே கொதித்தது. பெயருக்காகச் சண்டை போட்ட அந்த நேரத்தில் மருந்துக்காகச் சண்டை போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். 2012-ல் சென்னையில் தொற்றுநோய் மருத்துவர்கள் கூடி, ஆன்டிபயாடிக் விற்பனையை நெறிப்படுத்தக் கேட்டு ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டார்கள். 2014 மார்ச் 1 முதல் ஹெச்1 என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம், மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. உங்கள் ஊர்க் கடையில் செஃபிக்ஸிம் எப்படிக் கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும். கடைக்காரர் மீது கோபப்பட்டு எழுதவில்லை. இருமலோடு வருகிறவரை வெறும் கையோடு அனுப்ப அவருக்கும் மனசு வந்திருக்காது. ஆனால் அவர் கொடுத்தது மிட்டாய் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில், பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும் கிளெப்சியெல்லாக்களில் பாதிக்கும் மேல் சமீப ஆண்டுகளில் மெரோபெனம் குடும்பத்துக்கு அடங்குவதில்லை. ஆகவே உங்கள் கணவருக்கு நடந்தது ஏதோ அபூர்வமான துரதிர்ஷ்டம் இல்லை.

கொலிஸ்டினுக்கு நேராக இருந்த ‘ஐ’, அதாவது ‘இன்டர்மீடியட்’, பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலரும் அதைப் பார்த்து ‘பாதி வேலை செய்யும்’ என்று நினைக்கிறார்கள். 2020 முதல் ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறையில் கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ என்ற நல்ல மதிப்பெண்ணே கிடையாது. ஒன்று ‘ஐ’, இல்லாவிட்டால் ‘ஆர்’. பாதுகாப்பான அளவில் கொடுத்தால் ரத்தத்தில், முக்கியமாக நுரையீரலில், போதுமான அளவு அது சேரும் என்று நம்ப முடியாததுதான் காரணம். கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் மருத்துவர்கள் ஓரங்கட்டிய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறோம். அதனால்தான் உங்கள் மருத்துவர்கள் அதோடு நிற்காமல் அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள்.

அந்த ‘இரண்டு புது மருந்துகள்’ செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனாமுமாக இருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் பெயரைப் பாருங்கள். என்டிஎம் நொதியால் அஸ்ட்ரியோனாமைத் தொட முடியாது. ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் வேறு நொதிகள் அதை வெட்டிவிடும். அந்த வேறு நொதிகளின் கையைப் பிடித்துக்கொள்வது அவிபாக்டமின் வேலை. ஒருவர் காவல்காரனைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே நுழைகிற ஏற்பாடு. நொதி எது என்று தெரிந்தால்தான் இப்படி ஜோடி சேர்க்க முடியும். அவரைக் காப்பாற்றியதில் ஆய்வகத்துக்குப் பாதிப் பங்கு உண்டு.

அடுத்தது, உங்கள் மனதை அழுத்துகிற கேள்வி. நீங்கள் கொடுத்த சிறுநீரகம்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் அது ஏறும். 2.6-லிருந்து 1.8-க்கு இறங்கியிருப்பது நல்ல செய்தி. சிறுநீரகம் மீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏறியதற்கு ஒரே காரணம் இருந்திருக்காது. கடும் தொற்றில் ரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். கொலிஸ்டின் நேரடியாகவே அதன் குழாய்களைத் தாக்கும், மருந்தை நிறுத்தியபின் பலருக்கு அது மெல்லச் சரியாகிவிடும். கிளினிக்கில் போட்ட அந்த ‘வலி ஊசி’ அநேகமாக டைக்ளோஃபெனாக். அதுவும் தன் பங்கைச் செய்திருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் எதுவும் அவருக்கு இனி ஊசியாகவும் வேண்டாம், மாத்திரையாகவும் வேண்டாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும்.

நான்காவது காரணம் டாக்ரோலிமஸ். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறும். அளவு ஏறினால் அதுவே சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சில ஆன்டிபயாடிக்குகள் நேரடியாகவே ஏற்றும். இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம், பெயரும் ஒரே மாதிரி. முதலாவது டாக்ரோலிமஸை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இரண்டாவது பல மடங்கு ஏற்றிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் இரண்டும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர், அளவைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும், சிறுநீரகம் நிராகரிப்புக்குப் போய்விடும். கடையில் ‘அதே மாதிரிதான் இதுவும்’ என்று ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே இந்த வாரம் போன் செய்யும்போது கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், டாக்ரோலிமஸ் அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்களா என்றும் கேளுங்கள். டாக்ரோலிமஸுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும், முந்தைய இரவு மாத்திரைக்குச் சுமார் 12 மணி நேரம் கழித்து. மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள், ரத்தம் கொடுத்ததும் விழுங்கிவிடலாம். அடுத்த சில வாரங்களில் கிரியேட்டினின் இறங்காமல் அங்கேயே நின்றாலோ ஏறினாலோ பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். மருந்தால் வந்த கேடா, நிராகரிப்பா என்று பிரித்துச் சொல்ல அதுதான் வழி. நிராகரிப்பு என்றாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

உங்கள் மாமனாருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். அவர் அன்பில் சொல்கிறார், மகனை ஐசியூவில் பார்த்த தகப்பன். ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்தினால் தொற்று வராமல் போகாது, சிறுநீரகம் போகும். அப்புறம் மறுபடி டயாலிசிஸ். பிரட்னிசோலோனைத் திடீரென நிறுத்தினால் சிறுநீரகம் இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் இரண்டு வருடமாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, கஷாயம் எதுவும் குழுவைக் கேட்காமல் வேண்டாம். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், டாக்ரோலிமஸை ஏற்றும்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இது காசநோய் போல இருமலில் காற்று வழியே வீடு முழுக்கப் பரவுகிற நோய் இல்லை. கையின் வழியாக, கழிப்பறையின் வழியாக இன்னொருவர் குடலுக்குப் போய் அங்கே சும்மா இருக்கலாம். ஆரோக்கியமான பிள்ளைக்கு அதனால் நோய் வருவது மிக அரிது. தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை எதுவும் வேண்டாம். அவர் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சட்டும். கழிப்பறைக்குப் போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்த அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலை ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். எந்த மருத்துவமனைக்கு எதற்காகப் போனாலும், சேர்க்கும்போதே அதைக் காட்டுங்கள். அடுத்த முறை அவருக்குக் கடுமையான தொற்று என்றால் முதல் மணி நேரத்திலேயே சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாள் உதவும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கிருமி போகாமல் பார்த்துக்கொள்ளவும் அவர்களுக்கு வசதி. மருத்துவமனைகள்தான் இந்தக் கிருமி நோயாக மாறிப் பரவுகிற இடம், வீடு இல்லை.

இனி இருமல் வந்தால் என்ன செய்வது? நீங்கள் என்னிடம் கேட்டதில் இனிமேல் நம் கையில் முழுமையாக இருப்பது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் அடித்துக் கொளுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிமோனியாவிலும் உடம்பு வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும். 100.4 டிகிரி வந்தால் அன்றைக்கே குழுவைக் கூப்பிட வேண்டும். காய்ச்சலே இல்லாமல் இருமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தாலும் கூப்பிட வேண்டும். படி ஏறினால் வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ, பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ போன்கூட வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. ராத்திரி என்றால் ராத்திரியே.

முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் சளியையும் ரத்தத்தையும் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும். “டாக்டர், இவருக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது, போன முறை இந்தக் கிருமி வந்தது, மருந்துக்கு முன்னால் கல்ச்சர் எடுத்துவிடலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல மருத்துவர் உங்களை நன்றியோடு பார்ப்பார். சளியைக் காலையில், எதுவும் சாப்பிடுமுன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. தொண்டையில் ஊறும் எச்சில் போதாது. ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வருகிற கெட்டியான சளி வேண்டும். ஆய்வகம் கொடுக்கும் டப்பாவிலேயே துப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் வாயில் இருக்கும் பாக்டீரியாக்களின் பெயர்தான் ரிப்போர்ட்டில் வரும், அதற்கு ஒரு மருந்து, அதனால் ஒரு கேடு. சளி வரவில்லை என்றால் உப்பு நீர் ஆவி பிடிக்க வைத்து வரவழைப்பார்கள், அதுவும் முடியாவிட்டால் நுரையீரலுக்குள் குழாய் விட்டு எடுப்பார்கள். அந்தக் குழாய்ச் சோதனைக்குச் சம்மதிக்கத் தயங்காதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு அது பல சமயம் விடையைக் கையில் கொடுக்கும்.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ரிப்போர்ட் வரும்வரை மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. கல்ச்சரில் கிருமியின் பெயர் வர ஒன்றிரண்டு நாள், எந்த மருந்து கேட்கும் என்று தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். மூச்சுத் திணறுகிறவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மாதிரி எடுத்த கையோடு மருத்துவர் ஊகத்தில் ஒரு பலமான மருந்தைத் தொடங்குவார், ரிப்போர்ட் வந்ததும் அதற்கேற்ப மாற்றுவார், முடிந்தால் இன்னும் எளிய மருந்துக்கு இறக்குவார். மூன்றாம் நாள் அப்படி மாற்றினால் ‘மருந்தை ஏன் குறைக்கிறார்கள்’ என்று கலங்க வேண்டாம்.

சளியில் காசநோய்க்கான சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவரை நினைத்து இதை எழுதுகிறேன். மாற்று அறுவை முடிந்து ஒன்றரை வருடம். இருமலுக்கு வேறோர் இடத்தில் லெவோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள், இருமல் குறைந்தது, நிறுத்தியதும் வந்தது, மறுபடி அதையே எழுதினார்கள். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் குணமாவது போலவே காட்டி நோயை மறைத்துவிடும், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் போகும். அவர் என்னிடம் வந்தபோது இரண்டு மாதம் கழிந்திருந்தது, இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்தது. ஆள் பிழைத்தார், சிறுநீரகம் பிழைக்கவில்லை. முதல் நாள் ஒரு சளிச் சோதனை செய்திருந்தால் போதும்.

அவர் வயலில் இறங்குகிறவர் என்பதால் இன்னொன்று. மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது, மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் தேடிப் பிடிக்கும். நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரியே தோன்றும், ஆய்வகத்தில் சில நேரம் சூடோமோனாஸ் என்று தவறாக எழுதிவிடுவார்கள். இயற்கையிலேயே கொலிஸ்டினுக்கும் ஜென்டாமைசினுக்கும் அடங்காது. ஆனால் இன்னதென்று தெரிந்துவிட்டால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனமும், பிறகு பல மாதம் கோட்ரைமாக்சசோலும் கொடுத்துக் குணப்படுத்தலாம். இந்த முறை அவருக்கு வந்தது அது இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் “இவர் விவசாயி, வயலில் இறங்கினார்” என்று சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு தகவலில் நோய் பிடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்து சேறாகக் கிடக்கும் நாட்களில் அவர் வயலுக்குள் இறங்க வேண்டாம், வரப்பில் நின்று ஆளை விட்டு வேலை வாங்கட்டும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையுறையும். காலில் புண் இருந்தால் அதுவும் கூடாது.

எத்தனை நாள் மருந்து என்றாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை, சொன்ன அளவில். இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதும் தவறு, பயத்தில் கூடுதலாக ஒரு வாரம் இழுப்பதும் தவறு. மிச்ச மாத்திரையை அலமாரியில் வைக்காதீர்கள். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது பல ஆன்டிபயாடிக்குகளின் அளவை மாற்ற வேண்டும், ஆகவே யார் எழுதிக் கொடுத்தாலும் தற்போதைய கிரியேட்டினினைச் சொல்லுங்கள்.

தடுப்பூசியைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று ஃபைலில் பாருங்கள், ஃப்ளூ ஊசி வருடா வருடம் வேண்டும். இரண்டும் உயிரற்ற ஊசிகள், அவருக்குப் பாதுகாப்பானவை. உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் கூடாது. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஃப்ளூ ஊசி போட்டால் அதுவும் அவருக்குக் காவல்தான். எப்போது போடலாம் என்பதைக் குழு சொல்லும். கோட்ரைமாக்சசோல் மாத்திரை முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தால் மறுபடி வேண்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். நியூமோசிஸ்டிஸிடமிருந்து காப்பது அதுதான்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் நீங்கள். இத்தனை நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள், ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், தண்ணீரும் குடித்திருக்க மாட்டீர்கள். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும். போன வருடம் பார்த்தீர்களா? இல்லையென்றால், அவருக்கு டாக்ரோலிமஸ் பார்க்கப் போகிற அன்றைக்கே, அதே கவுன்ட்டரில் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்கள்.